இழுத்தால் புரியுமா கணக்கு?

ஒரு சின்னக் கோடு, அதன் மேல் ஓடும் ஒரு புள்ளி. கேரளத்துப் பாடநூல் முதல் தமிழகத்துப் பாடநூல் வரை நுழைந்துவிட்ட ஸ்லைடர், அல்ஜீப்ராவைக் கண்ணால் பார்க்க வைக்கிறது. ஆனால் பார்ப்பதும் புரிவதும் ஒன்றா?

எக்ஸ் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பு மாணவனைக் கேட்டால், மாறி என்று தூக்கத்திலும் சொல்வான். சரி, நேர்கோட்டின் சமன்பாட்டில் வரும் எம், சி இரண்டும் என்ன? மாறிலிகள். அதாவது மாறாதவை. ஆனால் முதல் கணக்கில் எம்மின் மதிப்பு 2. அடுத்த கணக்கில் மைனஸ் 3. அதற்கடுத்ததில் அரை. மாறாதது எப்படி இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? பெரும்பாலான மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காமலே பரீட்சை எழுதி, பாஸாகி, மறந்தும் விடுகிறார்கள்.

கரும்பலகையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எம் 2 ஆக இருக்கும்போது ஒரு கோடு வரையலாம். அதை அழித்து, எம் 3க்கு இன்னொன்று வரையலாம். முக்கால் மணி நேர வகுப்பில் நாலைந்து கோடுகள் வரைந்தால் மணி அடித்துவிடும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது வாத்தியாரின் மனதில் மட்டுமே இருக்கும்.

கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் ஸ்லைடர் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. பார்வைக்கு அது பழைய ரேடியோவின் ஸ்டேஷன் முள்ளைப் போன்ற ஒரு எளிய சமாசாரம். ஒரு சிறு கோடு, அதன் மேல் ஒரு புள்ளி, பக்கத்தில் 'எம் சமம் 2' என்று ஒரு குறிப்பு. புள்ளியை வலப்பக்கம் இழுத்தால் மதிப்பு 2.1, 2.2 என்று ஏறுகிறது. கூடவே திரையில் இருக்கும் நேர்கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது. பூஜ்யத்துக்கு இழுத்தால் கோடு படுத்துக்கொள்கிறது. அதையும் தாண்டி இடப்பக்கம் போனால் மறுபக்கம் சாய்கிறது. எக்ஸ் என்பது கோட்டின் மேல் ஓடுவது, எம் என்பது கோட்டையே திருப்புவது என்ற வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. ஒரே சமன்பாட்டில் இருக்கும் எழுத்துகளுக்கு இரண்டு வேறு வேலைகள் உண்டு என்பதுதான் பள்ளி அல்ஜீப்ராவின் ஆதாரமான பாடம்.

இத்தனைக்கும் இதைத் தயாரிக்க புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் தானே செய்துகொள்ளலாம். செலவும் கிடையாது. இந்தியாவில் இதை மாநில அளவில் முதலில் கையிலெடுத்த மாநிலங்களில் முக்கியமானது கேரளம்.

சால்ஸ்பர்க்கிலிருந்து வந்த சாஃப்ட்வேர்

நகரும் வடிவங்களை கம்ப்யூட்டரில் வரையும் யோசனை புதிதல்ல. 1980களில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ழான்-மாரி லபோர்டின் குழு உருவாக்கிய காப்ரி, 1991ல் அமெரிக்காவில் நிக்கலஸ் ஜாக்கிவ் உருவாக்கி வெளிவந்த ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் ஆகிய இரண்டும் இத்துறையின் முன்னோடிகள். முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் முழுதும் கூடவே வந்தது. ஆனால் ஸ்கெட்ச்பேடில் ஸ்லைடர் வேண்டுமென்றால் ஆசிரியர் அதைக் கட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கோட்டுத்துண்டு வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளி வைத்து, நீளத்தை அளந்து, அந்த அளவை சமன்பாட்டில் செலுத்த வேண்டும். பொறுமைசாலிகளுக்கான வேலை. போதாக்குறைக்கு இரண்டுமே விலை கொடுத்து வாங்க வேண்டியவை.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001ல் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதத் தொடங்கிய சாஃப்ட்வேர் இந்த நிலையை மாற்றியது. ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ராவையும் ஒட்டவைத்துப் பெயரிடப்பட்ட ஜியோஜீப்ரா அது. திரையின் ஒரு பக்கம் சமன்பாடு, மறுபக்கம் படம். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். 2002ல் ஐரோப்பிய கல்வி சாஃப்ட்வேர் விருது கிடைத்தது. உலகெங்கும் தன்னார்வ ஆசிரியர்கள் அதைத் தங்கள் மொழிகளுக்கு மாற்றினார்கள். ஹோகன்வார்ட்டர் பின்னாளில் லின்ஸ் நகரின் யோஹான்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஜியோஜீப்ராவில் ஸ்லைடர் ஒரு கருவிப்பெட்டி பட்டன். இன்னும் சுலபமான வழியும் உண்டு. எம், சி இரண்டுக்கும் மதிப்பு கொடுக்காமல் சமன்பாட்டை மட்டும் அடித்தால், 'இவற்றுக்கு ஸ்லைடர் வைக்கட்டுமா?' என்று சாஃப்ட்வேரே கேட்கிறது. 2011ல் அமெரிக்காவில் தொடங்கிய டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டரும் இதையே செய்கிறது.

கேரளத்தின் கணக்கு

கேரள அரசு 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கம்ப்யூட்டரை ஒரு தனிப் பாடமாகக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காமல், மற்ற பாடங்களை கம்ப்யூட்டர் மூலம் கற்பிப்பது நோக்கம். ஆரம்பத்தில் எழுந்த பெரிய சர்ச்சை, எந்த சாஃப்ட்வேர் என்பதுதான். லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டிய சாஃப்ட்வேரைப் பள்ளிகளில் புகுத்துவதை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. படிப்படியாக கேரளம் குனூ/லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கென்றே தொகுக்கப்பட்ட அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ஜியோஜீப்ராவும் வந்து சேர்ந்தது. திட்டம் 2017ல் கைட் என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. ஹைடெக் பள்ளித் திட்டத்தின் கீழ் 8 முதல் 12 வரையான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும் போயின.

ஆனால் கருவி போனதைவிட முக்கியம், அது எங்கே போய் உட்கார்ந்தது என்பது. மற்ற பல மாநிலங்களில் கல்வி சாஃப்ட்வேர் என்பது பாடத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஆபரணம். கேரளத்தில் ஐ.டி. பாடப்புத்தகத்திலேயே ஜியோஜீப்ராவுக்கு இடம் கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் ஐ.டி. பரீட்சையை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுத வேண்டும். கணிதப் புத்தகத்திலும் பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி, இந்த வடிவத்தை ஜியோஜீப்ராவில் எப்படி வரைவது, எங்கே ஸ்லைடர் வைப்பது என்ற குறிப்புகள் வந்தன. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களுக்குப் பாடநூல் தமிழிலேயே வருவதால், ஸ்லைடர் வைக்கும் வித்தை அவர்களுக்குத் தாய்மொழியிலேயே கிடைத்தது.

தமிழகமும் பின்தங்கவில்லை. 2018 முதல் வெளியான புதிய பாடநூல்களில் கணிதப் பாடங்களுக்கு இடையே 'இணையச் செயல்பாடு' என்ற பகுதி உண்டு. அங்கே இருக்கும் க்யூ.ஆர். கோடை செல்ஃபோனில் காட்டினால் ஜியோஜீப்ரா பயிற்சித்தாள் ஒன்று திறக்கும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், ஜியோஜீப்ராவைக் கற்றுத்தரும் பாடங்களைப் பல இந்திய மொழிகளில் இலவசமாகத் தருகிறது.

இரண்டு மாநிலங்களின் அணுகுமுறையில் ஒரு நுட்பமான வித்தியாசம் இருக்கிறது. தயாராக இருக்கும் ஸ்லைடரை இழுத்துப் பார்ப்பது ஒன்று. ஸ்லைடரைத் தானே வைப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் கணக்கு அதிகம்.

மூன்று எண்களின் சூட்சுமம்

ஸ்லைடரை வைக்கும்போது சாஃப்ட்வேர் மூன்று விவரங்களைக் கேட்கிறது. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நகர வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் மைனஸ் 5 முதல் 5 வரை, 0.1 வீதம் என்று தானே எடுத்துக்கொள்ளும். அவசரக்கார ஆசிரியர்கள் அதை அப்படியே விட்டுவிடுவதுண்டு. சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பின் பிரசித்தமான தகரப்பெட்டிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 18 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத் தகடு. நான்கு மூலைகளிலும் ஒரே அளவு சதுரத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஓரங்களை மடக்கினால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும்? வெட்டும் அளவுக்கு ஒரு ஸ்லைடர் வைத்து எல்லையை மாற்றாமல் விட்டால், புள்ளி மைனஸ் 5ல் நிற்கும்போது பெட்டியின் கொள்ளளவு மைனஸ் 3,920 கன செ.மீ. என்று திரை அறிவிக்கும். தகரத்தை மைனஸ் 5 செ.மீ. வெட்டும் கத்தரி எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆக, எல்லை என்பது அலங்காரம் அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. 9ஐத் தாண்டவும் முடியாது. இரண்டு பக்கமும் 9 செ.மீ. வெட்டினால் தகடே மிச்சமில்லை. பூஜ்யம் முதல் 9 வரை என்று எல்லை வைக்கும் மாணவன், சார்பின் அரங்கம் என்று புத்தகம் சொல்லும் விஷயத்தை, அந்த வார்த்தை தெரியாமலே கண்டுபிடித்துவிடுகிறான். புள்ளியை இழுத்தால் கொள்ளளவு பூஜ்யத்திலிருந்து ஏறி, 3ல் 432ஐத் தொட்டு, மறுபடி இறங்கி, 9ல் பூஜ்யமாகிறது.

இப்போது தகட்டின் பக்கத்தை 20 ஆக்கினால்? எல்லை 10 ஆக வேண்டும். ஒவ்வொன்றாக நகர்த்தினால் 3ல் 588, 4ல் 576. விடை 3 என்று தோன்றும். அரை அரையாக நகர்த்தினால் 3.5ல் 591.5 வந்து அந்த விடையைப் பொய்யாக்கும். 0.1 வீதம் போனால் 3.3ல் 592.55. இன்னும் நுணுக்கமாக 0.01 வீதம் போனால் 3.33. உண்மையான விடையோ 10ஐ 3ஆல் வகுத்தது. தசமத்தில் முடிவில்லாமல் நீளும் எண் அது. 0.1, 0.01 என்று எவ்வளவு சிறிய அடி வைத்தாலும் ஸ்லைடர் அதில் போய் நிற்காது. அங்கேதான் வகைநுண்கணிதத்துக்கு வேலை வருகிறது. புத்தகம் ஏன் 18ஐத் தேர்ந்தெடுத்தது என்பதும் அப்போது புரிகிறது. விடை முழு எண்ணாக வர வேண்டும் என்ற தாராள மனசுதான்.

எண்களுக்கு ஒரு ஸ்லைடர் என்றால், முழு எண்ணுக்கு ஒன்று, கோணத்துக்கு ஒன்று என்று வேறு வகைகளும் உண்டு. இவற்றை மாற்றி வைத்தால் வினோதங்கள் நடக்கும். பலகோணத்தின் பக்கங்களுக்கு முழு எண் ஸ்லைடர்தான் வேண்டும், அதுவும் 3ல் தொடங்க வேண்டும். 4.7 பக்கங்கள் கொண்ட பலகோணம் உலகில் இல்லை. கோணத்துக்குச் சாதாரண எண் ஸ்லைடரை வைத்து 30ல் நிறுத்தி சைன் மதிப்பைக் கேட்டால் அரை வராது. மைனஸ் 0.99 என்று வரும். சாஃப்ட்வேர் அதை 30 டிகிரியாக அல்ல, 30 ரேடியனாக எடுத்துக்கொண்டது. தவறு கம்ப்யூட்டருடையது என்று மாணவர்கள் திட்டத் தொடங்கும்போது, ரேடியன் பாடத்தை ஆரம்பிக்க அதைவிட நல்ல நேரம் ஆசிரியருக்குக் கிடைக்காது.

எதிர்பாராத பாதை

நல்ல ஸ்லைடர், பார்ப்பவரின் எதிர்பார்ப்பை உடைக்க வேண்டும். இதற்குச் சரியான உதாரணம் இருபடிச் சார்பு. எக்ஸ் வர்க்கத்தின் கெழு ஏ, எக்ஸின் கெழு பி, தனியாக நிற்கும் எண் சி. மூன்றுக்கும் மூன்று ஸ்லைடர்கள். சியை நகர்த்தினால் பரவளையம் லிஃப்ட் போல மேலும் கீழும் போகிறது. ஏயைக் கூட்டினால் ஒடுங்குகிறது, குறைத்தால் விரிகிறது, பூஜ்யத்தில் நேர்கோடாகி, மைனஸில் தலைகீழாகக் கவிழ்கிறது. இது வரை எல்லாம் ஊகித்தபடியே.

பியை நகர்த்தினால்? வலமும் இடமும் போகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். போவதில்லை. பரவளையம் ஊஞ்சல் போல ஆடுகிறது. பக்கவாட்டில் நகரும்போதே கீழேயும் இறங்குகிறது. ஆனால் செங்குத்து அச்சை வெட்டும் இடம் மட்டும் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நிற்கிறது. பரவளையத்தின் முனைக்குத் தடம் பதிக்கும் வசதியை முடுக்கிவிட்டு மறுபடி நகர்த்தினால், முனை போன பாதையும் இன்னொரு பரவளையம் என்பது தெரிகிறது. அதே அகலம், ஆனால் கவிழ்த்து வைத்தது. ஏ 1, சி 4 என்றால் அந்தப் பாதை, 4லிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தது. ஏன் இப்படி? முனையின் இரண்டு ஆயத்தொலைவுகளையும் எழுதி, அவற்றிலிருந்து பியை நீக்கிவிட்டால் இரண்டே வரிகளில் நிரூபணம் வந்துவிடும். பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும். கரும்பலகையில் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. பத்துப் பதினைந்து பரவளையங்களை வரைந்தால்தான் சந்தேகமே வரும்.

முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் ஸ்லைடர் வைப்பது கீழ் வகுப்புகளுக்கு ஏற்ற இன்னொரு விளையாட்டு. இரண்டு பக்கங்களை 3, 4 என்று நிறுத்திவிட்டு மூன்றாவதை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் 7ல் முக்கோணம் தட்டையாகிக் கோடாகிறது. அதைத் தாண்டியதும் மாயமாகிறது. எதிர்ப்பக்கம் குறைத்துக்கொண்டே வந்தால் 1ல் அதே கதி. சாஃப்ட்வேர் பழுதாகிவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகள், முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தாங்களே சொல்லி முடிக்கிறார்கள்.

மாதவரின் தொடர்

ஸ்லைடருக்கு கேரள மண்ணிலேயே பொருத்தமான ஒரு பழைய கணக்கு உண்டு. வட்டத்துக்குள் பலகோணம் வரைந்து பை மதிப்பை நெருங்குவது ஆர்க்கிமிடீஸ் காலத்து முறை. விட்டம் 1 உள்ள வட்டத்துக்குள் அறுகோணம் போட்டால் சுற்றளவு 3. ஸ்லைடரை 12க்கு நகர்த்தினால் 3.106. 24ல் 3.133. ஆர்க்கிமிடீஸ் போய்ச் சேர்ந்த 96 பக்கங்களில் 3.141. ஆரியபட்டர் 499ல் தந்த மதிப்பு 3.1416.

14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் வேறு பாதையில் போனார். அவரது ஊர் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடா என்று கருதப்படுகிறது. 1லிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஏழில் ஒரு பங்கைக் கழித்து, இப்படியே முடிவில்லாமல் போனால் பையின் கால் பங்கு கிடைக்கும் என்று கண்டவர் அவர். நிரூபணத்தை 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா விளக்குகிறது. ஐரோப்பாவில் இதே தொடர் லைப்னிட்ஸ் பெயரில் வந்தது அதற்கும் பிறகுதான்.

எத்தனை உறுப்புகள் என்பதற்கு ஒரு முழு எண் ஸ்லைடர் வைத்து, மொத்தத்தை 4ஆல் பெருக்கிக் காட்டினால் தொடரின் குணம் உடனே தெரிகிறது. ஒரு உறுப்பில் 4. இரண்டில் 2.667. மூன்றில் 3.467. மேலும் கீழும் குதித்துக்கொண்டே நெருங்குகிறது, ஆனால் நத்தை வேகத்தில். பத்து உறுப்புகளில் 3.042. நூறில் 3.132. ஆயிரத்தில்கூட 3.141ஐத் தொடவில்லை. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இதை வைத்து என்ன செய்திருப்பார்கள்? அதற்கும் அந்தக் கேரளக் கணிதர்கள் வழி வைத்திருந்தார்கள். நிறுத்திய இடத்தில் சேர்க்க வேண்டிய திருத்தத்தையும் கொடுத்தார்கள். பத்து உறுப்புகளோடு 40ஐ 401ஆல் வகுத்து வரும் எண்ணைச் சேர்த்தால் விடை 3.14159. ஆயிரம் உறுப்புகளால் முடியாததை ஒரு திருத்தம் முடித்துவிடுகிறது. இரண்டையும் ஒரே ஸ்லைடரில் இணைத்துக் காட்டினால், பழம்பெருமை பேச வேண்டிய அவசியமே இல்லை. எண்களே பேசிக்கொள்ளும்.

வேடிக்கையா, பாடமா?

எல்லா ஸ்லைடரும் இப்படிப் பேசுவதில்லை என்பதுதான் சங்கடம். ஜியோஜீப்ரா தளத்தில் ஆசிரியர்கள் ஏற்றிய பயிற்சித்தாள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏழெட்டு ஸ்லைடர்கள், வண்ண வண்ணப் பட்டன்கள், தானாக ஓடும் அனிமேஷன் என்று திருவிழாக் கடைபோல் இருப்பவையும் ஏராளம். மாணவன் எல்லாவற்றையும் ஒரு முறை இழுக்கிறான், படம் ஆடுவதை ரசிக்கிறான், அடுத்ததற்குப் போகிறான். எது எதை மாற்றியது என்று கேட்டால் விழிக்கிறான். இரண்டு ஸ்லைடர்களை ஒரே நேரத்தில் மாற்றியவனுக்கு எதனால் என்ன நடந்தது என்று தெரிய வழியில்லை.

அனுபவப்பட்ட ஆசிரியர்கள் கையாளும் மருந்து எளிமையானது. முதலில் ஊகம், பிறகு இழுப்பு, அதன் பிறகு காரணம். புள்ளியைத் தொடும் முன் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வைப்பது. இழுத்தபின் எழுதியதோடு ஒப்பிட வைப்பது. பொருந்தாவிட்டால் ஏன் என்று கேட்பது. அந்த மூன்றாவது கட்டத்துக்கு கம்ப்யூட்டர் தேவையே இல்லை, பேப்பரும் பேனாவும்தான் வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜக்டர், ஐம்பது பிள்ளைகள் என்ற நமது வகுப்பறைக்கும் இந்த முறை ஒத்துவருகிறது. ஐம்பது பேரும் ஊகிக்கலாம், ஒருவர் இழுத்தால் போதும். சுட்டியைப் பிடிக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு விசைப்பலகையின் அம்புக்குறி விசைகளே போதும். ஸ்லைடரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவற்றைத் தட்டினால் புள்ளி நகரும்.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று உண்டு. முக்கோணத்தை நூறு விதமாக இழுத்தும் கோணங்களின் கூடுதல் 180 டிகிரியாகவே இருப்பதைப் பார்த்த மாணவன், இனி நிரூபணம் எதற்கு என்று கேட்கிறான். கண்ணால் பார்த்தாயிற்றே! இங்கேயும் சாஃப்ட்வேரின் குறையே கைகொடுக்கிறது. திரையில் கோணங்கள் இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்கப்பட்டுத் தெரிகின்றன. அந்த மூன்று எண்களைக் கையால் கூட்டினால் சில சமயம் 180.01 வரும், சில சமயம் 179.99. எது சரி? திரையை நம்பினால் பதில் கிடைக்காது. உச்சியின் வழியாக அடிப்பக்கத்துக்கு ஒரு இணைகோடு வரைந்தால் கிடைக்கும்.

பரீட்சை இன்னொரு தடை. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் உள்மதிப்பீட்டில் கணித ஆய்வகச் செயல்பாடுகளுக்கு 5 மதிப்பெண் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் அட்டை, நூல், ஆணி சமாசாரங்கள். பொதுத்தேர்வு வினாத்தாளில் எதுவும் நகர்வதில்லை. பியை மாற்றினால் பரவளையத்தின் முனை எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததைக் கற்பிக்க நேரம் ஒதுக்க எந்தப் பள்ளியும் தயாராக இல்லை. கேரளத்தில் ஜியோஜீப்ரா நிலைத்ததற்கு லேப்டாப்புகள் மட்டுமல்ல, அது பரீட்சைக்குள் இடம்பிடித்ததும் ஒரு காரணம்.

யார் கையில்?

2021 டிசம்பரில் ஒரு செய்தி ஆசிரியர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஜியோஜீப்ராவை பெங்களூரின் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. விலை சுமார் 10 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. நிறுவனர் பைஜு ரவீந்திரன் கண்ணூர் மாவட்டத்துக்காரர். கேரள அரசுப் பள்ளிகள் இலவசம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேர், ஒரு மலையாளியின் தனியார் நிறுவனத்துக்குப் போயிற்று. ஹோகன்வார்ட்டர் தலைமையில் தனிப் பிரிவாகவே இயங்கும், இலவசம் தொடரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆனால் பைஜூஸே தள்ளாடத் தொடங்கியது. இந்திய கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கி தொடர்பான மனுவை ஏற்று, 2024 ஜூலையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தை திவால் நடைமுறைக்குள் அனுப்பியது.

பள்ளிகளைப் பொறுத்தவரை இதில் ஒரு எளிய பாடம் இருக்கிறது. ஜியோஜீப்ரா முழுக்கப் பொதுச்சொத்து அல்ல. அதன் மூல நிரல் பொது உரிமத்தில் வெளியிடப்பட்டது என்றாலும், நிறுவும் தொகுப்பையும் மொழிக் கோப்புகளையும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசமாகத் தந்தார்கள். க்யூ.ஆர். கோடு வழியாகத் திறக்கும் பயிற்சித்தாள், யாரோ ஒருவரின் சர்வரில் இருக்கிறது. அந்த சர்வர் நின்றால் பாடநூலில் அச்சிட்ட கட்டம் வெறும் கறுப்புச் சதுரம். அதே பயிற்சித்தாளைக் கோப்பாக இறக்கி, பள்ளி கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டால் இன்டர்நெட்டே இல்லாமல் ஓடும். கேரளத்தின் லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு இருக்கும் அனுகூலம் இதுதான். இன்டர்நெட் விட்டு விட்டு வரும் மலைக் கிராமத்துப் பள்ளிக்கு இது சின்ன விஷயமல்ல.

அதைவிடப் பெரிய பாதுகாப்பு, பயிற்சித்தாளைத் தானே தயாரிக்கத் தெரிந்த ஆசிரியர். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எத்தனை அடி எடுத்து வைப்பது என்ற மூன்று எண்களையும் காரணத்தோடு தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு, ஜியோஜீப்ரா போனால் டெஸ்மாஸ், அதுவும் போனால் இன்னொன்று. கம்பெனிகள் கைமாறலாம். 18 செ.மீ. தகட்டில் 9ஐத் தாண்டி வெட்ட முடியாது என்பது மாறப்போவதில்லை.